பட்டுவத்தையில் நீர்யானை

மாணிக்கத் தரகர் ஒருவரிடம் இந்தக் கல் எங்கே கிடைத்தது என்று கேட்பது, அவர் மனைவிக்கு என்ன வயது என்று கேட்பதைப் போன்றது. பதில் வரும். மரியாதையாகவும் வரும். ஆனால் அதை நம்பிக்கொண்டு வீடு போகிறவன் வியாபாரம் தெரியாதவன்.

வெள்ளவத்தை தாஸிம் நானாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவன் றேமண்ட். கொட்டாஞ்சேனைக்காரன். எட்டு வருடமாகத் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கணக்குப் பார்க்கும் கிளாக். பாரந்தூக்கி இரைகிற இரைச்சலில், பெட்டியின் இலக்கத்தை உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதுவதுதான் அங்கே முறை. அதனால் அவனுக்குத் தன் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல் எழுத வராது. பூசைப் புத்தகத்தில் பெயர் எழுதியபோது பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். அந்த உரத்த குரல்காரனுக்கு ஊமைப் பொருள்களில்தான் ஆசை. எலும்பு, பல், ஓடு என்று, மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப்போன எதைக் கண்டாலும் அவன் முகம் விளக்கேற்றியதுபோல ஆகிவிடும்.

அவனுடைய அக்கா ஐறீன் கொட்டாஞ்சேனைக் கன்னியர் பள்ளிக்கூடமொன்றில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவள். மோதிரத்துக்கு ஒரு கல் வாங்கத் தம்பியையும் கூட்டிக்கொண்டு தாஸிம் நானாவின் வீட்டுக்கு வந்திருந்தாள். அங்கே மேசைமேல் பழைய பத்திரிகைகள் காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கறுத்த கட்டி இருந்தது. றேமண்ட் அதைக் கையில் எடுத்தான். பல். மனிதனின் பல்லைப் போலப் பத்து மடங்கு.

எங்கே கிடைத்தது என்று கேட்டான். தாஸிம் நானா யோசிக்கவில்லை. இருபத்தைந்து வருடத் தொழில் அவர் வாயைத் திறந்தது.

"பட்டுவத்தை. பன்சலைக்குப் பின்னால வயல். வயலுக்கு இடப்பக்கம் பலாமரம். பலாமரத்தில இருந்து நாப்பது எட்டு வைச்சாக் குழி."

பட்டுவத்தை, இரத்தினபுரிப் பக்கத்தில் உண்மையாகவே இருக்கிற ஊர். பன்சலை என்கிற புத்த விகாரையும் உண்டு, வயலும் உண்டு, பலாமரமும் உண்டு. அங்கே ஒரு மாணிக்கக் குழியும் உண்டு. அதில் நல்ல கல் கிடைத்ததாக ஒருவரும் சொன்னதில்லை. பல் வந்ததோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆறு மைல் தள்ளி, ஹீன்கல்தெனிய என்ற இடத்திலிருந்து. அங்கே ஒரு விதவையின் வயலில் பதினொரு வருடமாகக் குழி வெட்டுகிறார்கள். அவள் தன் கல்லை முதலில் தாஸிம் நானாவுக்குத்தான் காட்டுவாள். அவர் வீட்டு அடுப்பில் உலை கொதித்ததும், இரண்டு பெண்களின் கலியாணம் நடந்ததும் அந்த வயலின் நீலக் கற்களால்தான். கொழும்பில் அந்த ஊரின் பெயர் தெரிந்த தரகர் வேறொருவர் கிடையாது. தெரிந்தால், தடித்த மடிசீலைக்காரர்கள் அடுத்த ரயிலிலேயே போய் இறங்குவார்கள். விதவையும் மனுஷிதானே.

பல்லை அவர் சும்மாவே கொடுத்துவிட்டார். கல் அல்லவே, அதற்கு என்ன விலை. அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தார்.

முடியவில்லை. றேமண்ட் பல்லை மியூசியத்துக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்த துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது நீர்யானையின் பல் என்றார். ஒரு காலத்தில் இலங்கையிலும் நீர்யானை மேய்ந்ததாம். எலும்புகளைப் பார்த்துக்கொள்ள ஓர் உதவியாள் வேண்டியிருக்கிறது என்றும், இதே இடத்தில் நாலுபேர் பார்க்க இன்னொன்றைத் தோண்டி எடுத்து, இடத்தைத் துல்லியமாக எழுதிக் கொடுத்தால் தானே வந்து பார்த்து அந்த வேலைக்கு அவனை எடுக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். தேயிலைப் பெட்டியிலிருந்து தப்பிக்க எட்டு வருடத்தில் திறந்த ஒரே கதவு அது. அந்தக் கதவில் எழுதியிருந்த பெயர் பட்டுவத்தை.

தாஸிம் நானா நழுவப் பார்க்காமல் இல்லை. முதலில் தனக்குக் காய்ச்சல் என்றார்; றேமண்ட் பயணத்தை ஒரு வாரம் தள்ளினான். பிறகு மனைவி பைறோஸாவின் தாய்மாமனுக்குச் சுகமில்லை என்றார். றேமண்ட் தோடம்பழத்தோடு அவரைப் பார்க்கவே போய்விட்டான். நல்லவனிடம் மாட்டிக்கொண்டால் வெளியே வர வழி கிடையாது. கடைசியில் புத்தர் பிறந்தநாளான வெசாக் லீவில் போவதென்று முடிவாயிற்று. கந்தோர்களுக்கு இரண்டு நாள் லீவு, குழியில் வேலைசெய்கிறவர்களும் பன்சலைக்குப் போயிருப்பார்கள், குழி சும்மா கிடக்கும், குழிக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறேன் என்றான் றேமண்ட், ஏதோ கலியாண மண்டபம் கிடைத்ததுபோல.

உண்மையைச் சொல்வது என்ற யோசனை தாஸிம் நானாவுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே போயிற்று. உண்மை சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் எங்கே என்பது. அவரிடம் வேறொரு யோசனை இருந்தது. விதவை கொடுத்தது ஒரு பல் அல்ல, இரண்டு. இரண்டாவது இன்னும் அலுமாரியில் கிடந்தது. அதைக் கொண்டுபோய்ப் பட்டுவத்தைக் குழியின் ஒரு மூலையில் புதைத்துவிட்டால், றேமண்ட் தானே தோண்டி எடுப்பான். எல்லாருக்கும் சந்தோஷம்.

புறப்படுகிற அன்று விடிய, பல்லைக் கைலேஞ்சியில் சுற்றுவதற்கு முன், வாங்குகிறவனுக்குக் காட்டப்போகிற எந்தக் கல்லுக்கும் செய்வதை அவர் கை தானாகவே செய்தது. பிறகு அதை இடுப்புப் பட்டியின் பைக்குள் வைத்து, குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மருதானையிலிருந்து புறப்படும் சின்ன ரயிலில் ஆறு பேர் ஏறினார்கள். றேமண்ட், ஐறீன், தாஸிம் நானா, துறைமுகக் கிளாக்குமார் இருவர், இவர்களோடு வெள்ளவத்தைப் பொன்னம்பலம். பொன்னம்பலம் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்து பென்சன் எடுத்தவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். நூல் கயிறு, அடிக்கோல், மூன்று பென்சில், ஒரு குடை, இவற்றோடு வந்திருந்தார்.

அதே பெட்டியில் மஷூர் இருந்தார். அவரும் வெள்ளவத்தைத் தரகர்தான், தாஸிம் நானாவின் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி. மண்வெட்டியோடு ஒரு தரகரைக் கண்டால் இன்னொரு தரகர் சும்மா இருப்பாரா.

"என்னயன் தாஸிம், எங்கயன் பயணம்?"

"இந்தப் புள்ளைகள் பலாங்கொடைப் பக்கம் சுத்திப் பாக்கணுமாம்" என்றார் தாஸிம் நானா.

மஷூர் மண்வெட்டியைப் பார்த்தார். தானும் அவிசாவளையில் ஒரு மையத்து வீட்டுக்கு, துக்கம் விசாரிக்கத்தான் போவதாகச் சொன்னார். இருவரும் ஒருவர் சொன்னதை மற்றவர் நம்பவில்லை என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொண்டார்கள். பிறகு அவிசாவளையைத் தாண்டிப் போய், மஷூரும் இரத்தினபுரியில் இறங்கியதை எல்லாரும் பார்த்தார்கள்.

பட்டுவத்தைக் குழி ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட ஆழம். மரக்கொம்புகளையும் காட்டுத் தழையையும் கொடுத்து நான்கு பக்கமும் சுவர் இடியாமல் கட்டியிருந்தார்கள். வைகாசி மழை பிடித்துவிட்ட காலம். வேலையாட்கள் நாள்முழுவதும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அது குழி, விட்டால் கிணறு. இரண்டு நாளாக ஒருவரும் இறைக்கவில்லை. அடியில் மோர்க்குழம்புபோல ஒரு பதத்தில் சேறு.

இது தாஸிம் நானாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் குழிகளை அவர் பார்த்ததெல்லாம் வரம்பில் குடைக்குக் கீழே நின்றுதான். கல் மேலே வரும், அவர் கீழே போகமாட்டார். அதுதான் தொழிலின் ஒழுங்கு.

மற்றவர்களை வெளியே கொட்டியிருந்த மண்மேட்டைக் கிளறச் சொல்லிவிட்டு, தான் கீழே இறங்கி அடையாளம் பார்க்கிறேன் என்றார். படி வெட்டிய மரத்தில் கால் வைத்து இறங்கினார். வடக்கு மூலைக்கு நாலு எட்டு. கணுக்கால்வரை சேறு. பையிலிருந்து பல்லை எடுத்துச் சுவரின் அடியில் வைத்து, காலால் ஒரு மிதி மிதித்தார். பல் உள்ளே போயிற்று. காலும் போயிற்று. அதை எடுக்க மற்றக் காலை ஊன்றினார். அதுவும் போயிற்று.

முழங்கால்வரை நின்றபோது அவர் பயப்படவில்லை, வெட்கப்பட்டார். ஒரு காலை இழுத்தால் மற்றது இன்னும் இரண்டு விரற்கடை இறங்கியது. சாரம் ஈரமாகிக் கால்களைக் கட்டிப் பிடித்தது. செருப்பு எங்கோ கீழே கழன்றது, அதன் இடத்தில் குளிர்ந்த ஏதோவொன்று விரல்களுக்கிடையே புகுந்தது. தொடைவரை வந்ததும் வெட்கத்தை விட்டார், கூப்பிட்டார்.

எல்லாரும் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். கிளாக்குமார் கையை நீட்டினார்கள்; எட்டவில்லை. இறைக்கிற வாளியும் கயிறும் இருந்தால் உதவும் என்று பொன்னம்பலம் சொன்னார். வேலையாட்கள் அவற்றைக் கொண்டுபோயிருந்தார்கள். தன் நூல் கயிற்றைக் கொடுத்துப் பார்த்தார். அது படம் வரைகிற நூல், அறுந்தது. ஆடாமல் நின்றால் இறங்கமாட்டீர் என்று பிறகு ஒரு புத்தி சொன்னார். தாஸிம் நானா ஆடாமல் நின்றார். மழை பெய்யத் தொடங்கியது. சேற்றுக்குமேல் தண்ணீர் ஒரு விரல் உயரம் நின்றதை அவர் கண்டார். அது கொஞ்ச நேரத்தில் இரண்டு விரலாயிற்று.

றேமண்ட் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்து, அவர் காலைச் சுற்றிக் கையால் சேற்றை அள்ளி வீசினான். அள்ள அள்ளச் சேறு திரும்பி வந்தது. திடீரென அவன் கை நின்றது. தோள்வரை சேற்றுக்குள் விட்டு எதையோ தடவி, மெதுவாக மேலே எடுத்தான்.

மேலே பன்சலை மணியும் அந்த நேரம் அடித்தது. அடுத்த கால் மணித்தியாலத்துக்குத் தாஸிம் நானா என்றொரு மனிதர் குழியில் நிற்கிறார் என்பதையே எல்லாரும் மறந்துபோனார்கள். றேமண்ட் அழுதான், சிரித்தான். பொன்னம்பலம் பலகையில் இறங்கி, வடக்குச் சுவரிலிருந்து மூன்று அடி இரண்டு அங்குலம் என்று அளந்து எழுதினார். அளப்பதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று, தொப்பியைக் கொஞ்சம் சாய்க்கும்படி தாஸிம் நானாவிடம் கேட்டுக்கொண்டார். சாய்த்தார். நினைத்தது நடந்துவிட்டது, அவர் மட்டும்தான் இடுப்பளவுச் சேற்றில்.

ஐறீன் பல்லை வாங்கி மேலே நீர் நின்ற பள்ளத்தில் கழுவினாள். ஒரு தடவை கழுவியதும் சேறு முழுவதும் வழிந்து போயிற்று. தண்ணீர் அதன்மேல் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது. அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். றேமண்டையும் கிளாக்குமாரையும் பன்சலைக்குப் போய் ஆட்களைக் கூட்டிவரச் சொன்னாள். பொன்னம்பலத்தை மழையில் நனையாமல் கொட்டிலுக்குள் இருந்து படம் வரையச் சொன்னாள். எல்லாரும் போனபின், ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டுக் குழி ஓரத்தில் உட்கார்ந்து, குடையை விரித்தாள்.

"தாஸிம் நானா" என்றாள். "நீர்யானை எண்ணெய் தேய்ச்சுத்தான் குளிக்கிறதோ?"

அவருக்குத் தன் கை விடிய என்ன செய்தது என்று அப்போதுதான் நினைவு வந்தது. கல் மினுங்குவதற்கு ஒரு துளி தேங்காய் எண்ணெய். இருபத்தைந்து வருடமாக எண்ணெய் தொடாமல் எந்தக் கல்லையும் யாருக்கும் காட்டியதில்லை.

"சில மண்ணில எண்ணெய்ப் பசை இருக்கும் மிஸ்."

"தேங்காய் எண்ணெயோ?"

மழை பெய்தது. தண்ணீர் இடுப்புப் பட்டியைத் தொட்டது. வாங்குகிறவனுக்கு அவசரம் இருந்தால்தான் விற்கிறவன் வெல்லலாம். இங்கே அவசரம் முழுவதும் அவருடையது. அவள் குடைக்குக் கீழே காலாட்டிக்கொண்டிருந்தாள். இப்படியொரு பேரத்தில் அவர் இதுவரை அகப்பட்டதில்லை. சரி, உண்மையைச் சொல்கிறேன் என்று தொடங்கினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலத்திலிருந்து வலது கைப் பக்கம், ஒரு கல்லுடைக்கிற இடம், அதற்குப் பக்கத்தில் இரண்டு கித்துள் மரம்...

"மரத்தை விடுங்கோ" என்றாள் ஐறீன். "நீங்க பொய் சொல்லேக்கதான் மரம் வரும். மோதிரக் கல்லு வித்த அண்டைக்கும் வந்தது. என்ர வகுப்பிலயும் காய்ச்சல் எண்டு பொய் சொல்லுற பிள்ளைதான் மருந்துப் போத்தலின்ர நிறம் வரைக்கும் சொல்லும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. நாளை மறுநாள் தம்பி கடிதத்தோடு மியூசியத்துக்குப் போகிறான் என்றாள். துரை வந்து தோண்டுவார், ஒன்றும் இருக்காது, பொய்க்காரன் என்ற பெயர் அவனுக்குத்தான் வரும், தரகருக்கு அல்ல. அந்தப் பெயரோடு அவன் திரும்பவும் தேயிலைப் பெட்டிக்குப் போவான், சாகும்வரை.

தாஸிம் நானா அப்போது, மரம் ஒன்றும் இல்லாமல், தன் பக்கத்தைச் சொன்னார். விதவை, பதினொரு வருடம், இரண்டு கலியாணம். மூன்றாவது மகள் றலியாவுக்கு இன்னும் ஆகவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் சொல்லவில்லை. ஐறீன் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் நம்பினாள் என்று தெரிந்தது. குடையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து அவர் தலைக்கும் பிடித்தாள்.

"எங்களுக்கு எலும்பு போதும். கல்லு உங்களோட. பேரை எனக்குச் சொல்ல வேண்டாம், தம்பிக்கு மட்டும் சொல்லுங்கோ. மருதானை வாறதுக்கு முதல்."

நாளைக்குக் கொட்டாஞ்சேனைக்கே வந்து சொல்கிறேன் என்றார் அவர்.

"மருதானையில இறங்கினா நீங்க வெள்ளவத்தைக்கு, நாங்க கொட்டாஞ்சேனைக்கு. பிறகு உங்களை நான் எந்தக் குழியில தேடுறது?"

சத்தியம் செய்ய வாயெடுத்தார். சத்தியம் வேண்டாம், பல் என்னிடம் இருக்கிறது, சொல்லாவிட்டால் முகர்ந்து பார்க்கும்படி தம்பியிடம் கொடுப்பேன் என்றாள்.

வெள்ளை உடுத்த பத்துப் பன்னிரண்டு பேர் பன்சலையிலிருந்து வந்தார்கள். வெளிச்சக்கூடு கட்ட வைத்திருந்த மூங்கில்களை இரண்டு கக்கத்துக்கும் கீழே கொடுத்தார்கள். இழுக்கவில்லை. ஒருவர் ஒரு கம்பைக் காலோரம் விட்டுக் கிண்டிக் கிண்டித் தண்ணீரை உள்ளே ஊற்றினார். சேறு பிடியை விட்டது. செருப்பு இல்லாமல், சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி தாஸிம் நானா கரையேறினார். முதலாளிமார் குழிக்குள் இறங்கியதை இன்றுதான் கண்டோம் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்து, சுடச்சுடத் தேநீரும் பாற்சோறும் கொடுத்தார்கள். அவர் நின்றபடி சாப்பிட்டார். காலுக்குக் கீழே நிலம் இருப்பதை நம்பச் சற்று நேரம் பிடித்தது.

திரும்புகிற ரயிலில் நெரிசல். எதிர் வாங்கில், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு மஷூர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவிசாவளை மையத்து வீட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எஹெலியகொடை போயிற்று, அவிசாவளை போயிற்று. தாஸிம் நானா மஷூர் இறங்குவார் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பார்த்தார். மஷூர் இறங்கவில்லை. நெரிசலில் வேறு பெட்டிக்குப் போகவும் இடமில்லை. ஹோமாகமை போயிற்று. மருதானைக்கு இன்னும் சில ஸ்டேஷன்களே இருக்க, நுகேகொடையில் ஐறீன் கைப்பையைத் திறந்து பல்லை எடுத்து மடியில் வைத்தாள்.

தாஸிம் நானா றேமண்டின் காதுக்குள் குனிந்து எல்லாவற்றையும் சொன்னார். மூலையில் வைத்ததை, எண்ணெயை, மிதித்ததை. றேமண்டின் முகத்தில் விளக்கு அணைந்தது. அவன் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபிக்கவில்லை.

"அப்ப முதல் பல்லும் பட்டுவத்தையில இல்லையா, நானா?"

இல்லையென்று அவர் தலையாட்டினார். பக்கத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிட்ட பொன்னம்பலம் தன் மூன்று அடி இரண்டு அங்குலத்தைப் பார்த்தபடி இருந்தார், யாரோ செத்ததுபோல. றேமண்ட் சட்டைப் பையிலிருந்து மியூசியத்துக்கு எழுதிய கடிதத்தை எடுத்து, பட்டுவத்தையை ஒரு கோட்டால் வெட்டினான். மேலே பென்சிலை வைத்துக் காத்திருந்தான்.

தாஸிம் நானா பென்சிலுக்குக் கை நீட்டினார். நான் எழுதித் தருகிறேன் என்றார்.

"இனி நீங்க எழுத வேண்டாம் நானா. சொல்லுங்கோ."

காதோடு சொன்னாலும் அவன் எழுதுகையில் வாய்விட்டுச் சொல்வான். அதைத் தடுக்க அவனைப் பெற்றவர்களாலும் ஏலாது. மெதுவாக எழுது தம்பி என்று கேட்கலாம்; ஒரு தரகர் 'மெதுவாக' என்று சொன்னால் எதிர் வாங்கில் இருக்கிற தரகர் நிமிர்ந்து உட்காருவார். மஷூரின் குறட்டை ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் வந்துகொண்டிருந்தது. உண்மையாகத் தூங்குகிறவன் இவ்வளவு ஒழுங்காகக் குறட்டை விடுவதில்லை.

நாக்கு நுனியில் ஒரு பலாமரம் வந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரு பாலமும் வந்தது. ஐறீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் நாரஹேன்பிட்டியில் ஊதியது. கால்களில் காய்ந்த சேறு தோலை இறுக்கிப் பிடித்திருந்தது; அசைத்தால் வெடித்தது, ஆனால் விழவில்லை.

அவர் றேமண்டின் காதில் ஒரேயொரு சொல்லைச் சொன்னார். மரமில்லை, பாலமில்லை.

றேமண்ட் துறைமுகக் குரலில், ஒவ்வோர் எழுத்தாக, பெட்டி முழுவதும் கேட்க எழுதினான்.

"ஹீன்-கல்-தெ-னி-ய."

ஐறீன் பல்லைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள்.

எதிர் வாங்கில் குறட்டை நின்றது. தொப்பியின் குஞ்சம் ஆடாமல் தொங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் தொப்பிக்குக் கீழேயிருந்து மஷூர் தூக்கக் குரலில் கேட்டார்.

"தாஸிம், மருதானை வந்துட்டா?"

"இன்னும் இல்ல" என்றார் தாஸிம் நானா. "நீங்க தூங்குங்கோ."

மஷூர் தூங்கவில்லை.